வாசலில் நிற்க ஒரு முகம்

கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கவும் பந்தியில் இலை எடுக்கவும் ஆள் அனுப்புவது என் தொழில். இரண்டுக்கும் தேவையான கைகால்கள் ஒன்றுதான், முகம் மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளர்களின் கட்டளை.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். இலக்கணம், லட்சணம் இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். முதலாவதைக் கற்றவனுக்கு வேலை கிடைக்கவில்லை. இரண்டாவதைப் பார்த்து ஆள் அனுப்ப ஆரம்பித்ததும் சாப்பாட்டுக்குக் கவலை விட்டது. கண்ணாடியைப் பார்த்து "பரவாயில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்தானே நீங்களும்? நானும் அதே கூட்டம்தான். அதனால் நமக்குள் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம்.

ஒரு படி கம்மி

தொழில் தொடங்கிய புதிதில் செங்கல்பட்டிலேயே ஒரு கல்யாணம். வாசலுக்கு ஷாலினியை அனுப்பினேன். நல்ல உயரம், திருத்தமான முகம். பட்டுச்சேலை கட்டி நின்றால் மண்டபமே அவளுடையது போல இருக்கும். இருப்பதில் சிறந்ததைக் கொடுப்பதுதான் நாணயமான வியாபாரம் என்று நினைத்திருந்த காலம் அது. மாப்பிள்ளையின் பெரியம்மா மூக்குக்கண்ணாடியை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கி, நேராக வந்து ஷாலினியின் தாடையைப் பிடித்துக்கொண்டார். "போட்டோல இருந்தத வுட நேர்ல சூப்பரா கீறியேம்மா. எங்க புள்ள குடுத்து வச்சவன்" என்றவர், கையோடு கொண்டுவந்த மல்லிகைச் சரத்தையும் அவள் தலையில் வைத்துவிட்டார்.

பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஷாலினி பதறிப்போய், "ஆன்ட்டி, நான் இல்ல. பொண்ணு ரூம்ல மேக்கப் போட்டுகினு இருக்காங்க" என்றாள். பெரியம்மா அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் பெண்ணின் அம்மாவைச் சுட்டுவிட்டது. பந்தி முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். "சார், இனிமே எந்தக் கல்யாணமா இருந்தாலும் மொதல்ல பொண்ணோட போட்டோவ வாங்கிப் பாருங்க. வாசல்ல நிக்கிறவ லட்சணமாத்தான் இருக்கணும். ஆனா பொண்ண விட ஒரு படி கம்மியா இருக்கணும்."

பந்திக்காரி

அன்று முதல் மணப்பெண்ணின் படத்தைப் பார்க்காமல் நான் வாசலுக்கு ஆள் அனுப்புவதில்லை. பந்திக்கு அனுப்பப் படம் தேவையில்லை. பந்திக்கு ரேவதி இருக்கிறாள்.

ரேவதி செய்யூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருக்கிறாள். வேலைக்கு வரும் நாட்களில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். ஆள் நல்ல கறுப்பு. மேல்வரிசைப் பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கன்னம் முழுக்கப் பரு வந்து போன குழிகள். இதை எழுதும்போதே ஏதோ குற்றப்பத்திரிகை வாசிப்பது போல இருக்கிறது. இதில் ஒன்றும் அவள் செய்தது இல்லை. வேலையில் சுத்தம், வாயில் மரியாதை, சண்டை சச்சரவு கிடையாது. அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. விருந்தாளிகள் வந்து முடிந்ததும் வாசல் பெண்கள் கிளம்பிவிடலாம். பந்திக்காரர்கள் கடைசி இலை எடுத்து, தரை கழுவி, பாத்திரம் ஏற்றின பிறகுதான் கிளம்ப முடியும். அதற்குள் செய்யூர் போகிற கடைசி பஸ் போய்விடும். பிறகு மண்டபத்து ஸ்டோர் ரூமில் படுத்து, விடிந்ததும் போக வேண்டியதுதான்.

"சார், ஒரு தபா என்ன வாசல்ல நிக்க வுடுங்க. பாப்பா தூங்கறதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போயிடுவேன்" என்பாள். "பார்க்கலாம்" என்பேன். எங்கள் தொழிலில் "பார்க்கலாம்" என்றால் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் அவள் நிதானமாகக் கேட்டாள். "உள்ளாற எச்சி எல எடுக்கறப்ப ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல சார். வாசல்ல மட்டும் இன்னாத்துக்குப் பாக்கறாங்க?"

ஒரே சட்டை

மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம். வந்தவர்களில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், வெள்ளைப் பட்டுச் சட்டையில். ஷாலினி பன்னீர் தெளிக்கச் சொம்பைச் சாய்த்தபோது மூடி கழன்று, பாதிப் பன்னீர் அவர் நெஞ்சில் கொட்டியது. ஷாலினிக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரிய மனிதர் சிரித்தார். "வுடும்மா, வெயிலுக்கு ஜில்லுனு கீது. வேணும்னா இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பரவாயில்லையே, பெருந்தன்மையானவர் என்று நானும் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

அதே மனிதர், அதே பகல், அதே சட்டை. பந்தியில் யாரோ முழங்கையால் இடித்ததில் ரேவதி தூக்கிய இலையிலிருந்து மோர் ஒரு துளி அவர் சட்டைக் கையில் விழுந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். பந்தி நின்றது. அவர் நெஞ்சில் பன்னீர் ஈரம் இன்னும் காயவில்லை. அதை அவருக்கு நினைவூட்ட எனக்கு ஆசையாக இருந்தது, தைரியம் இல்லை. ரேவதி தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். மோர் சிந்தியது கை. ஆனால் அவர் விசாரித்தது முகத்தை. "ஆளப் பாத்து எடுக்கறதில்லையாய்யா நீங்க? இந்த மாதிரி மூஞ்சியெல்லாம் எங்க போய்ப் புடிச்சிகினு வரீங்க?"

டிரைவர் யார்

எனக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. நான் குள்ளம், வழுக்கை, காதுகள் கொஞ்சம் ஆர்வமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் வேன் ஓட்டும் பாபு ஆறடி. முறுக்கு மீசை, எலுமிச்சை நிறம். ஒருமுறை கல்யாண வேலை பேசுவதற்காக இருவரும் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பாபுவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே அழைத்துப்போய் சோபாவில் உட்கார வைத்தார். பாபு நெளிந்தபடி, "அண்ணாத்த, ஓனர் அவருங்க" என்று என்னைக் காட்டினான். அவர் "ஓ, அப்படியா" என்று எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

உண்மை தெரிந்த பிறகாவது என்னோடு பேசுவார் என்று எதிர்பார்த்தேன். எத்தனை பேர், என்ன உடுப்பு, எப்போது வருவீர்கள், எல்லாக் கேள்வியும் பாபுவிடமே போயின. பாபு என்னைப் பார்ப்பான், நான் பதில் சொல்வேன், அவர் பாபுவைப் பார்த்துத் தலையாட்டுவார். கடைசியில் காபி வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வேணும்னா வண்டிய அந்த வேப்ப மரத்து நெழல்ல போட்டுட்டு வந்துடுங்களேன், நானும் சாரும் பேசி முடிச்சிடறோம்."

ஷாலினியின் பஸ்

இதற்கு மேல் படிக்கும் முன் ஷாலினியின் மேல் பொறாமை வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மாமல்லபுரத்துக்கு முன்னால் கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன். மாப்பிள்ளை சிறுசேரியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. நண்பர்கள் கூட்டமாக வந்தார்கள். சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் திரும்பி வந்து மறுபடி சந்தனம் எடுத்தார்கள். ஒருவன் மணமக்களைப் படம் எடுப்பது போலப் போனைத் தூக்கி, ஷாலினியை எடுத்தான். மேடை அவனுக்குப் பின்னால் இருந்தது. நான் போய் நடுவில் நின்றேன். என் காது அவன் படத்தில் நன்றாக விழுந்திருக்கும்.

அன்று ஷாலினியை நானே வேனில் செங்கல்பட்டு பஸ் நிலையம் வரை அழைத்து வந்தேன். செங்கல்பட்டு நெருங்கியபோது, "சார், இனிமே என்ன பந்திக்குப் போடுங்க, ரேவதி அக்காவ வாசலுக்குப் போடுங்க" என்றாள். அவளை யாரும் திட்டுவதில்லையே, எல்லோரும் சிரித்த முகமாகத்தானே பேசுகிறார்கள் என்றேன். படித்தவன் கேட்கிற கேள்வியா என்பது போலப் பார்த்தாள். "சிரிச்சா நம்பர் கேக்கறாங்க, சிரிக்கலன்னா திமிருங்கறாங்க. அக்காவுக்கு பஸ் போயிடுமேன்னு கவல. எனக்கு அந்த பஸ்ல எவன் பின்னாலயே ஏறுவானோன்னு கவல."

மாநிறம்

சாரதா மேடம் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்தைகளை அளந்து பேசுவார். ஒரே மகள், ஒரே மகன். முதலில் மகள் நிவேதாவின் கல்யாணம். வழக்கம்போலப் படம் கேட்டேன். போனில் ஒரு படம் காட்டினார். ஸ்டூடியோக்காரர் வெளுத்த வெளுப்பில் முகத்துக்குள் டியூப்லைட் எரிவது போல இருந்தது. "வேற ஏதாவது இருக்கா மேடம்?" என்றேன். தயங்கி இன்னொன்றைக் காட்டினார். அலுவலகத் தோழிகளோடு வேடந்தாங்கலில் எடுத்தது. கழுத்தில் பைனாகுலர், அகலமான மூக்கு, கறுத்த முகம், வாய் நிறையச் சிரிப்பு. எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அம்மா அதற்குள் போனை அணைத்துவிட்டார்.

"பொண்ணு கொஞ்சம் மாநிறம்" என்றார். மாமை என்று பழைய கவிகள் இந்த நிறத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். காதலன் பிரிந்தால் அது போய்விடுமே என்று பெண்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். இப்போது அதே நிறத்தை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்கிறோம். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லத் தோன்றியது. அவர் கண்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கேலி செய்யக்கூடிய முகமாக அது இல்லை. பெண் பார்க்க வந்துபோன வீடுகள் எல்லாம் அந்தக் கண்களில் இருந்தன. "அன்னிக்கு ஒரு நாளாவது என் பொண்ணு பளிச்சுனு தெரியணும் சார். அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு மூஞ்சி பாத்து வாசல்ல நிறுத்துங்க."

ஊக்கு

ரேவதிக்குப் போன் செய்து, இந்த முறை உனக்கு வாசல் என்றேன்.  "நெசமாவா சார்?" என்றாள். எதற்காக என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு. கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய மண்டபம். யாரிடமோ இரவல் வாங்கிய கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். தட்டை எந்த உயரத்தில் பிடித்தால் பெரியவர்கள் குனியாமல் கற்கண்டு எடுக்கலாம் என்று மகளை நிற்க வைத்துப் பழகிப் பார்த்தாளாம். நடக்க முடியாமல் வந்த ஒருவருக்குத் தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். அழுத குழந்தைக்கு இன்னொரு கற்கண்டு. கூட்டம் சந்தனத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மணப்பெண்ணின் கார் வந்தது. இறங்கும்போது நிவேதாவின் தோளில் சேலை நழுவியது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஊக்கு தேட, ரேவதி தன் தோளில் இருந்த ஊக்கை எடுத்து அவளுக்குக் குத்தி, மடிப்பை நீவிவிட்டாள். "உங்க பேரு என்னக்கா?" என்று கேட்டுவிட்டு நிவேதா உள்ளே போனாள். ரேவதி அவள் போவதையே பார்த்தாள். பக்கத்தில் நான் நிறுத்தியிருந்த இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் பந்திக்காரிதான், அவளும் என் "பார்க்கலாம்" கேட்டவள்தான். அதன் பிறகு என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே கேட்டாள். "இதுக்குத்தானா சார்?"

தை மாத ரிசப்ஷன்

ஆனாலும் அன்று கடைசிவரை தட்டு சாயாமல் நின்றாள். பஸ்ஸையும் பிடித்தாள். அடுத்த வாரம் சாரதா மேடம் போன் செய்தார். "அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பண்ணுச்சு சார். எல்லாரும் சொன்னாங்க" என்றார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடுத்த மூச்சில், "தையில பையனுக்கு ரிசப்ஷன். மருமக நல்ல கலரு. அதனால அந்தப் பொண்ணு வேணாம், முன்னாடி சொன்னீங்களே ஷாலினின்னு, அந்த மாதிரி பாத்து அனுப்பிடுங்க" என்றார்.

ரேவதியிடம் இதை ஒளிக்கவில்லை. ஒளித்துப் பயனில்லை, ஒருமுறை கண்டுபிடித்தவள் இன்னொரு முறையும் கண்டுபிடிப்பாள். கேட்டுவிட்டு, கோபமாகக்கூட இல்லாமல் சொன்னாள்: "அன்னிக்கி நிக்க வச்சது என் மூஞ்சிக்கு. இந்தத் தபா வேலைக்கு நிக்கிறேன் சார். அவங்களே நல்லா பண்ணேன்னு சொல்லிக்கிறாங்க இல்ல?" ஷாலினியைக் கேட்டேன். அவள் முன்பே தீர்மானித்திருந்தாள். "நான் எல எடுக்கறேன், எனக்கு நிம்மதி." பாபு மட்டும், "சார், பெரிய பார்ட்டி, பேஜாராப் பூடும்" என்றான். ஆகட்டும் என்று ரேவதியை அனுப்பினேன்.

ரிசப்ஷன் அன்று சாரதா மேடம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் ரேவதியைப் பார்த்தார், பிறகு என்னை. "சார், நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? இன்னும் சம்பந்தி வீட்டு ஆளுங்க வரல. இவங்கள உள்ள போகச் சொல்லுங்க" என்றார். குரல் உயரவில்லை. ரேவதி தட்டை மேசை மேல் வைத்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். 

அப்போது நிவேதா படியேறி வந்தாள். மாப்பிள்ளையின் தங்கை, புதுத் தாலி, கையில் குங்குமச் சிமிழ். வாசலில் குங்குமம் கொடுப்பது அந்த வீட்டில் நாத்தனார் வேலை. "அக்கா, நீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ரேவதியின் பக்கத்தில் போய் நின்றவள், தட்டு மேசை மேல் இருப்பதைப் பார்த்தாள். "ஏன் உள்ள போறாங்க?" என்று அம்மாவைக் கேட்டாள். "இன்னிக்கு வாசலுக்கு வேற பொண்ணும்மா. அண்ணி நல்ல கலரா இருக்கா, போட்டோ வீடியோன்னு எல்லாம் இருக்கு" என்றார் அம்மா, ஊசியில் நூல் கோக்கிறவர் போல வார்த்தைகளைத் தேடித் தேடி. நிவேதா ரேவதியைப் பார்த்தாள். தன் கல்யாணத்தில் வாசலில் நின்ற மற்றொரு பெண்ணும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. குங்குமச் சிமிழைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் கேட்காத குரலில் கேட்டாள். "அப்ப என் கல்யாணத்துக்கு ஏம்மா இவங்கள நிக்க வச்ச?"

சாரதா மேடம் உள்ளே போனார், ரேவதி தட்டை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், பஸ்ஸையும் பிடித்தாள். வாசலுக்கு முகம் பொறுக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள் இருக்கும் முகத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதை இனிமேல் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடலாமா, அல்லது வாங்கிய பிறகு சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.